கரியாகாத மண்

அம்மாவின் விரல்களில் கம்பளி நூல் ஓடாது, சிக்கிக்கொள்ளும். பதினாறு வயதில் முந்திரிக்கொட்டை உடைக்க உட்கார்ந்த விரல்கள் அவை. கொட்டையின் ஓட்டுக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது, பட்ட இடம் வெந்துபோகும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைத்தாலும், விளக்கெண்ணெயைத் தடவிக்கொண்டு உடைத்தாலும், ஒரு சீசன் முடிவதற்குள் தோல் உரிந்து புதுத் தோல் வந்து அதுவும் கறுத்துவிடும். பண்ருட்டியிலிருந்து வடலூர் போகிற சாலையில் எங்கள் காடாம்புலியூரைத் தாண்டியவர்கள் செம்மண்ணில் நிற்கும் முந்திரிக்காட்டையும் பலாமரங்களையும் பார்த்திருப்பார்கள். வண்டியை ஓரம் கட்டிப் பேரம் பேசிப் பருப்பும் வாங்கியிருப்பார்கள். அந்த வெள்ளைப் பருப்பைக் கீறல் விழாமல் வெளியே எடுத்த கை எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. கல்யாணப் பந்தியில் அம்மா இடது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வாள். வலது கையை மறைக்க முடியாது.

அதே கைகள் பொழுது சாய்ந்தால் ஒயர் கூடை பின்னும். பிளாஸ்டிக் ஒயர் தோலில் சிக்காது, வழுக்கிக்கொண்டு போகும். சிவன் கண் முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, பிஸ்கட் முடிச்சு என்று அம்மாவுக்குத் தெரியாத கட்டு இல்லை. இரண்டு நிற ஒயரை வைத்துக்கொண்டு கூடையின் வயிற்றில் கோலம் போல நட்சத்திரம் வரவழைப்பாள். எந்தப் பெண் பின்னிய கூடை என்று கைப்பிடியை முடித்திருக்கும் விதத்தைப் பார்த்தே சொல்லுவாள்.

நான் கம்பளி பின்னக் கற்றது நெய்வேலி டவுன்ஷிப்பில். பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருந்தேன். பஞ்சாபிலிருந்து வந்து எங்களோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் மத்தியான இடைவேளையில் ஸ்வெட்டர் பின்னுவார். வேர்வை வழிகிற ஊரில் யாருக்கு ஸ்வெட்டர் என்று கேட்டேன். ஊரில் இருக்கும் தங்கை பிள்ளைகளுக்கு என்றார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நிட்டும் பர்லும் பழகினேன். இரண்டு ஊசியும் ஒரு நூல் உருண்டையும் கைப்பையில் இல்லாமல் அதற்குப் பிறகு நான் எங்கும் போனதில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கிளாஸ்கோவில் இருக்கும் மகன் வீட்டுக்கு 2019-ல் போனபோதும் அவை கூடவே வந்தன.

மருமகள்தான் அந்தச் சுற்றுலாவைக் கண்டுபிடித்தாள். ஒரு வாரம், பதினான்கு பெண்கள், ஒரு சின்ன பஸ். காலையில் பின்னல், பகலில் கடலும் தீவுகளும், சாயங்காலம் விஸ்கி ருசி பார்ப்பது. விஸ்கி என்றதும் நான் மாட்டேன் என்றுவிட்டேன். அம்மாவோடு உட்கார்ந்து கொட்டை உடைத்த பல பெண்களின் கூலி சாயங்காலம் எங்கே போகும் என்று பார்த்து வளர்ந்தவள் நான். என் பெரியப்பா குடித்தே போனார். பெரியம்மா தாலிக்கயிற்றை அவிழ்த்த அன்று மாலையே கொட்டை மூட்டை முன்னால் உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் குடி என்ற வார்த்தையைச் சொல்ல மாட்டோம், "அது" என்போம். மருமகள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, நீங்க அதத் தொட வேணாம். பின்னிக்கிட்டே கடலப் பாத்துட்டு வாங்க, போதும்" என்றாள். அவள் சொன்ன விதத்துக்காகப் போனேன்.

மே மாதம் அது. இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருந்தது. ஸ்கை தீவில் கார்பாஸ்ட் என்ற கிராமத்தில், உள்ளே வளைந்து வந்த கடலின் கரையில் டாலிஸ்கர் வடிசாலை. 1830-ல் தொடங்கியது. உள்ளே ஐந்து செப்புக் கலன்கள், ஒவ்வொன்றும் எங்கள் ஊர்த் தேரின் கலசத்தைப் பெரிதாக்கி வைத்தது போல. வாற்கோதுமையை நனைத்து முளைகட்டி, அந்த முளையைப் புகையில் காயவைத்து, அரைத்து, வெந்நீரில் கரைத்து, புளிக்கவிட்டு, இரண்டு முறை வடித்து, ஓக் பீப்பாயில் அடைக்கிறார்கள். மூன்று வருஷமாவது ஸ்காட்லாந்து மண்ணிலேயே பீப்பாயில் கிடந்தால்தான் ஸ்காட்ச் என்று பெயர் வைக்கச் சட்டம் விடும். ஆண்டுக்கு இரண்டு சதவீதம் போல மரத்தின் வழியாக ஆவியாகிப் போய்விடுமாம். அதைத் தேவதைகளின் பங்கு என்கிறார்கள். பெங்களூரில் வடிக்கும் அம்ருத் விஸ்கி 2004-ல் என் மகன் இருக்கும் கிளாஸ்கோவில்தான் முதலில் விற்பனைக்கு வந்தது. நம் வெயிலில் தேவதைகளின் பங்கு அதைப்போலப் பல மடங்கு.

வேதியியல் டீச்சருக்கு இதையெல்லாம் கேட்கப் பிடித்தது, மறைக்கவில்லை. வடித்தல் பாடத்தைக் கண்ணாடிக் குடுவையும் ரப்பர் குழாயும் வைத்து எத்தனையோ வருஷம் நடத்தியிருக்கிறேன். அந்தப் பாடம் ஆளுயரச் செம்பாக எழுந்து நின்றது. ஆனால் கோப்பை கைக்கு வந்தபோது வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டேன். அதிலிருந்து லேசாகப் புகை வாசம் வந்தது. எங்கோ முகர்ந்த வாசம். எங்கே என்று தெரியவில்லை.

ஊய்க் துறைமுகத்திலிருந்து ஹாரிஸ் தீவின் டார்பெர்ட்டுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் போலக் கப்பல். மேல் தளத்தில் வரிசையாக உட்கார்ந்து பதினான்கு பேரும் பின்னினோம். கனடாவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற நர்ஸ், யார்க்‌ஷயர் அக்கா தங்கை இருவர், கணவனை இழந்து ஆறு மாதமான ஒரு பெண். அந்தப் பெண் வாரம் முழுக்க ஒரே ஒரு சாக்ஸ்தான் பின்னினாள். ஊசி ஊசியோடு இடிக்கும் சத்தம் காற்றில் கேட்காது, ஆனால் பக்கத்தில் இருப்பவள் கை வேகம் நம் கைக்கும் வந்துவிடும். கொட்டை உடைக்கும் கொட்டகையிலும் அப்படித்தான். ஒருத்தி வேகம் பிடித்தால் எல்லோருடைய கட்டையும் அவள் தாளத்துக்கு இறங்கும். எனக்குக் கடல் என்றால் மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம். சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து நிற்க, அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த கடல் அது. கூட்டம் இல்லாத கடலை நான் முதலில் பார்த்தது இங்கேதான்.

எங்களைக் கூட்டிப்போனவர் லூயிஸ் தீவில் பிறந்த பெண், எழுபதை நெருங்கியவர். வீட்டில் பேசுவது கேலிக் மொழி. விஸ்கி என்ற சொல்லே கேலிக்கில் 'உஷ்க பெஹ' என்பதிலிருந்து வந்தது, உயிர்நீர் என்று பொருள் என்றார். தெற்கே எரிஸ்கே என்ற சின்னத் தீவைப் பற்றி அவர் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. அங்கே மீனவர்களுக்கு மனைவிமார் தையலே இல்லாமல் வட்டமாகப் பின்னும் நீலச் சட்டைக்குப் பெரிய பெயர். 1941-ல் அந்தத் தீவுக்குப் பக்கத்தில் 'பொலிட்டிஷியன்' என்ற சரக்குக் கப்பல் பாறையில் மோதியது. வயிற்றில் இருபதாயிரம் பெட்டிக்கு மேல் விஸ்கி. போர்க்காலம், தட்டுப்பாடு. இரவோடு இரவாகப் படகு எடுத்துப்போனார்கள். கப்பலின் எண்ணெய் தங்கள் உடுப்பில் பட்டால் சுங்கக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஆண்கள் மனைவியின் பழைய கவுனைப் போட்டுக்கொண்டு போனார்களாம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் கறையை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது என்ற இடத்தில் அம்மாவின் முந்தானை ஞாபகம் வந்து நின்றுவிட்டது.

ஹாரிஸின் கிழக்குக் கரை முழுக்கப் பாறை. மேற்கே வெள்ளை மணல், கண்ணாடிப் பச்சையில் கடல். மரம் கிடையாது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்த மறுநாள் எங்கள் ஊருக்கும் இப்படித்தான் திடீரென்று பெரிய வானம் வந்தது. ஆனால் இவர்களுக்கு இந்த வானம் பிறந்ததிலிருந்து இருக்கிறது. மரமில்லாத ஊரில் மனிதர்கள் எதை எரித்துக் குளிர் காய்வார்கள் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். தோன்றவில்லை.

ஒரு நெசவாளரின் வீட்டுக்குப் போனோம். வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, அதில் கால்மிதித் தறி. தறிச் சத்தம் எனக்குப் புதிதில்லை. வடலூர்ப் பக்கம் குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்யும் தெருக்களில் கேட்டிருக்கிறேன். ஹாரிஸ் ட்வீட் என்ற துணிக்கு நாடாளுமன்றம் 1993-ல் தனிச் சட்டமே போட்டிருக்கிறது. இந்தத் தீவுகளில், நெசவாளரின் வீட்டில், கையால் நெய்தால்தான் அந்தப் பெயர். மேலே சிலுவை வைத்த உருண்டை முத்திரை குத்தித்தான் துணி வெளியே போகும். கம்பளியைத் துணி ஆன பிறகு சாயம் போடுவதில்லை, நூலாவதற்கு முன்பே போட்டு, நிறம் நிறமாகக் கலந்து நூற்கிறார்கள். அதனால்தான் தூரத்திலிருந்து பழுப்பாகத் தெரியும் துணியில் கிட்டே போனால் ஊதாவும் பச்சையும் தெரிகிறது. அந்தக் காலத்தில் பாறையில் படரும் ஒருவகைப் பாசியைப் பெண்கள் பழைய கரண்டியால் சுரண்டி வந்து கொதிக்கவைத்துச் செம்பழுப்பு நிறம் எடுத்தார்கள். அந்த நிறத்தை மீனவர்கள் மட்டும் கடலுக்கு உடுத்திப் போக மாட்டார்கள். பாறையிலிருந்து வந்தது பாறைக்கே திரும்பும் என்ற பயம்.

நெசவாளர் தன் உள்ளங்கையைக் காட்டினார். காய்ப்புக் காய்த்த கை. அதை அவர் காட்டியதில் ஒரு நிமிர்வு இருந்தது. ஒரு நாடு அந்தக் கைக்காகச் சட்டம் எழுதியிருக்கிறது. நம் நாட்டிலும் 1985-ல் கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிச் சட்டம் வந்தது. ஆனால் கொட்டை உடைக்கும் கையைப் பற்றி எந்த ஏட்டிலும் ஒரு வரி நான் படித்ததில்லை. முந்திரிப் பருப்புக்குத் தரம் உண்டு, 180, 240, 320 என்று எண் போட்டுப் பிரிப்பார்கள். முழுசுக்கு ஒரு விலை, பிளவுக்கு ஒரு விலை, குருணைக்கு ஒரு விலை. முழுசாக எடுத்தவள் யார் என்பது அந்த எண்களில் இல்லை. இது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அங்கே இரண்டு உருண்டை நூல் வாங்கினேன். ஹெப்ரிடியன் செம்மறியின் ரோமம், சாயம் போடாதது. அந்த ஆடே கறுப்பு. வெயில் பட்டுப் பட்டு முனை பழுத்து, நூல் நெய்வேலிக் கரி நிறத்தில் இருந்தது. கடையில் வேறு நிறங்களும் இருந்தன. கை அதைத்தான் எடுத்தது. டார்பெர்ட்டில் 2015-ல் தொடங்கிய ஒரு வடிசாலையையும் காட்டினார்கள். நாங்கள் போனபோது அவர்களுடைய முதல் விஸ்கி இன்னும் பீப்பாய்க்குள்தான் இருந்தது, 2023-ல்தான் வெளியே வந்தது. மூன்று வருஷத்தில் சட்டம் விட்டும் அவர்கள் அவசரப்படவில்லை.

ஐந்தாம் நாள் லூயிஸ் தீவுக்குப் போனோம். சாலைக்கு இருபுறமும் பழுப்பு வெளி, நடுநடுவே வெட்டிய வாய்க்கால் மாதிரிக் கறுப்புக் கோடுகள், கரையில் அடுக்கிய கறுப்புச் செங்கற்கள். இது என்ன என்று கேட்டேன்.

"பீட்" என்றார் எங்கள் வழிகாட்டி.

முப்பது வருஷம் நான் கரும்பலகையில் எழுதிய சொல் அது. பீட், லிக்னைட், பிட்டுமினஸ், ஆந்த்ரசைட். நிலக்கரியின் நான்கு நிலைகள், ஐந்து மதிப்பெண். லிக்னைட்டுக்கு வரும்போது பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே கை காட்டுவார்கள், அது எங்கள் ஊர். பீட் என்பதை வெறும் முதல் சொல்லாகத்தான் எழுதிவிட்டுப் போயிருக்கிறேன். கண்ணால் பார்த்ததில்லை.

பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன். மே மாதம்தான் அங்கே பீட் வெட்டும் காலம். ஒரு குடும்பம் வெட்டிக்கொண்டிருந்தது. நீண்ட பிடியும் பக்கவாட்டில் ஒரு அலகும் உள்ள மண்வெட்டி, அதை 'டாரஸ்கர்' என்கிறார்கள். மேலே நின்று ஒருவர் அழுத்துகிறார், கீழே நிற்பவர் ஈரக் கட்டியைக் கையில் வாங்கிக் கரையில் வீசுகிறார். வழிகாட்டி ஒரு கட்டியை வாங்கி என் கையில் வைத்தார். குளிர்ந்து, வெண்ணெய் போல் வழுவழுப்பாக, கறுப்பாக இருந்தது. பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். உள்ளே ஏதோ வேர், ஏதோ பாசியின் தண்டு அப்படியே தெரிந்தது. வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் போலத்தான் இது வளரும். என் இடுப்பளவு ஆழம் என்றால் ராஜராஜன் காலம். பக்கத்தில் கேலனிஷ் என்ற இடத்தில் ஐயாயிரம் ஆண்டுக்கு முன்னால் நட்ட பெருங்கற்கள் நிற்கின்றன. அவற்றின் அடியில் ஒன்றரை மீட்டருக்கு இந்தப் பீட் வளர்ந்து மூடியிருந்ததை 1857-ல்தான் வெட்டி எடுத்தார்களாம்.

நான் வழிகாட்டியிடம் எங்கள் ஊரைப் பற்றிச் சொன்னேன். இதே மாதிரிச் சதுப்பில் விழுந்த மரங்கள்தான், ஆனால் கோடி வருஷக் கணக்கு. மேலே மணல் வந்து மூடி, பாரம் ஏறி, தண்ணீர் பிழிந்துபோய்ப் பழுப்பு நிலக்கரி ஆனது. இன்னமும் அதில் பாதி ஈரம்தான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணற்றுக்குத் துளை போட்டபோது கறுப்பாக ஏதோ வந்தது, அவர் அதை விடாமல் அரசாங்கத்திடம் கொண்டுபோனார். 1956-ல் நெய்வேலி நிறுவனம் உருவானது, 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கினார், 1961-ல் கரி கண்ணில் பட்டது. கரிக்கு அடியில் ஊற்று முட்டிக்கொண்டு நிற்கும், இரவும் பகலும் தண்ணீரை இறைத்தால்தான் சுரங்கத்தில் நிற்க முடியும். வழிகாட்டி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்படியென்றால் இது உங்கள் கரியின் குழந்தை" என்றார். கட்டியைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அர்னோலில் 42-ஆம் எண் வீடு. 1880 வாக்கில் கட்டிய கல்வீடு, இரட்டைச் சுவர், வைக்கோல் கூரை, மாடும் மனிதரும் ஒரே கூரையின் கீழ். 1966 வரை குடியிருந்தார்கள். இப்போது நினைவகமாக வைத்திருக்கிறார்கள். புகைபோக்கி கிடையாது. தரையின் நடுவில் பீட் நெருப்பு எரியும், புகை கூரை வழியாகத் தானே கசிந்து போகும். கரி படிந்த பழைய கூரையைப் பிரித்து வயலுக்கு எருவாகப் போடுவார்களாம். இரவில் நெருப்பின் மேல் சாம்பலைப் போட்டு மூடி, காலையில் கிளறி எடுப்பது வீட்டுப் பெண்ணின் வேலை. அந்த நெருப்பை அணையவிட மாட்டார்கள்.

அதைச் சுற்றி உட்கார்ந்து பின்னினோம். அன்றைக்குத்தான் கறுப்பு நூலில் ஒரு துண்டு தொடங்கியிருந்தேன். கண் இருட்டுக்குப் பழக நேரமானது. யாரோ ஒரு பீட் கட்டியை நெருப்பில் வைத்தார்கள். புகை என் பக்கம் திரும்பியது.

அப்பாவின் சட்டை.

அப்பா லெகோ ஆலையில் இருந்தார். பழுப்பு நிலக்கரியை அழுத்திக் கட்டியாக்கி, காற்றுப் படாமல் சுட்டு, புகையில்லாமல் எரியும் லெகோவாக்கும் ஆலை. சுடும்போது தார் வடியும், கார்பாலிக் அமிலம் பிரியும், அதையும் எடுத்து விற்பார்கள். இரவு ஷிப்ட் முடிந்து காடாம்புலியூருக்கு சைக்கிள் மிதித்து வருவார். திண்ணையில் சைக்கிளைச் சாய்க்கும் சத்தத்துக்கு முன்பே அந்த வாசம் உள்ளே வந்துவிடும். அம்மா சட்டையைத் தனியாக ஊறவைப்பாள், ஆனாலும் போகாது. அதே வாசம் என்று சொல்ல மாட்டேன். ஒரே வயிற்றில் பிறந்த வாசம். நானே அதற்குக் காரணம் சொல்ல முடியும். விஸ்கிக்கு முளையைக் காயவைக்கும் பீட் புகையில் இருப்பதும் பீனால் வகை, கரியைச் சுட்டால் வடிவதும் பீனால் வகை, அம்மாவின் விரலை வேகவைத்த முந்திரி ஓட்டு எண்ணெயும் பீனால் வகைதான். பரீட்சைத் தாளில் ஒரே வளையம்தான் வரைய வேண்டும். ஆனால் அந்தக் கல்வீட்டில் சூத்திரம் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. என் ஊசியிலிருந்து ஒரு கண்ணி நழுவிக் கீழே கீழே இறங்கியது, எனக்குத் தெரியவில்லை. கனடா நர்ஸ் என் கையைப் பிடித்து நிறுத்தி, குரோஷா ஊசியால் அதை மேலே ஏற்றிக் கொடுத்தார். ஏன் அழுகிறாய் என்று அவர் கேட்கவில்லை.

கடைசி இரவு கோப்பை வந்தபோது வாங்கி முகர்ந்தேன். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தேன். புகை, உப்பு, எரிச்சல். பெரியப்பாவை நினைத்தேன், பெரியம்மாவை நினைத்தேன். முந்திரிப்பழத்தில் கோவாக்காரர்கள் வடிக்கும் பெனிக்கு 2009-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, எங்கள் காட்டில் பழம் மரத்தடியில் உதிர்ந்து அழுகிப்போகிறது. அதற்காக எங்கள் ஊரிலும் வடிக்க வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். மூன்று வருஷம் பொறுத்திருந்து வாசம் பார்த்துச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கிற ஊர் வேறு, கூலி வாங்கிய கையோடு குடிக்கிற ஊர் வேறு. கோப்பையை மேசையில் வைத்துவிட்டேன்.

ஆகஸ்டில் ஊருக்கு வந்தேன். அம்மாவுக்கு அப்போது எண்பது நெருங்கிவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து பச்சையும் மஞ்சளுமாக ஒரு கூடைக்கு அடி போட்டுக்கொண்டிருந்தாள். கம்பளித் துண்டை எடுத்து மடியில் போட்டேன்.

"இன்னாடி இது, இந்த வெயில்ல."

"நான் பின்னுனது. உனக்குத்தான்."

ஒயரைக் கீழே வைத்துவிட்டுத் துண்டை ஒரு முனையிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தாள். நூல் அவள் தோலில் சிக்கிச் சிக்கி விட்டது. பாதியில் விரல் நின்றது.

"இங்க ஒரு கட்டு தளர்ந்திருக்கு."

"ஆமாம்மா. விட்டுட்டேன், அப்புறம் ஏத்துனது. பிரிச்சுப் பின்னட்டுமா?"

பதில் சொல்லவில்லை. துண்டை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். அந்த வாரத்தில் அதைத் துவைக்க எனக்குத் தோன்றவில்லை, அதற்குப் பிறகும் துவைக்கவில்லை. அம்மா வெகு நேரம் அதை முகத்திலேயே வைத்திருந்தாள்.

"நைட் ஷிப்ட்டு முடிஞ்சு வந்தா ஒங்கப்பா சட்டையில இப்பிடித்தான் அடிக்கும்" என்றாள்.